கோயில் கொறங்காட்டுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள சிங்கப்பூர்ச் சங்க உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கத்து நம் ஊரில், அம்மன் கோயிலுக்குச் சொந்தமான கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, சீர்செய்யும் பணி நிறைவேறிவிட்டது. நாலு பக்கமும் ஊன்றிய கிளுவை முட்செடி துளிர்த்து வேலியாகிவிட்டது. இரண்டு கடவுக்கும் (வேலி வாசலுக்கும்) புதுப் படல் போட்டாயிற்று. கோயில் மாடுகளுக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்குக் குழாய் எல்லாம் பேசிய தொகைக்குள் முடிந்தன.

மற்றபடி இந்த அறிக்கை, மாடு தண்ணீர் குடிக்க அதே காட்டில் வெட்டிய குட்டையைப் பற்றியும் அதன் அடியில் கிடந்த கல்லைப் பற்றியும்தான். உங்களில் பலர் கேட்பதும் அதைத்தான். செலவு ஏன் கால் பங்கு ஏறியது? வரைபடத்தில் எட்டடி ஆழம் காட்டிவிட்டு இரண்டடியில் ஏன் நிறுத்தினீர்கள்? இவ்வளவு வெள்ளி (டாலர்) போட்டதற்குத் தென்னந்தோப்பாவது வைத்திருக்கலாமே? கேட்பது உறுப்பினர் உரிமை. ஆனால் கமிட்டியும் கான்ட்ராக்டரும் கூட்டு என்று வாட்ஸ்அப்பில் எழுதியது எங்களை மிகவும் வருத்தியது. அதற்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறோம்.

முதலில் அந்த மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஊர்க் காட்டைப் பார்த்துவிட்டு, வறண்டு கிடப்பதால் அதைத் தரிசு என்கிறார்கள். அது தரிசு இல்லை. மேலே செம்பழுப்பு நிற வண்டல் கலந்த மண், மணலும் களியும் அளவாகச் சேர்ந்த நல்ல பொறுமண். மேட்டில் முக்கால் அடி, பள்ளத்தில் இரண்டடி. அதற்குக் கீழே சுக்கான்பாறை. நம் அப்பாருமார் (தாத்தாமார்) அதைச் சுக்காங்கல் என்பார்கள்.

மழை குறைந்த ஊர்களில்தான் இந்தக் கல் உருவாகிறது. அங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். பெய்கிற நீர் மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கொஞ்ச ஆழம் இறங்கும். அதற்கு மேல் இறங்கத் தெம்பில்லாமல் அங்கேயே காய்ந்து, சுண்ணாம்பைப் படிய விட்டுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்து, பொடி கட்டியாகி, கட்டி ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிறது. சிங்கப்பூரில் 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சுண்ணாம்பு நிற்க வழியில்லாமல் கழுவிப் போகிறது. அதனால் புக்கிட் தீமா கருங்கல் மேல் இருக்கும் மண் ஆழமாகவும் புளிப்பாகவும் இருக்கிறது. இங்கே தோண்டிப் பழகிய கண்ணால் அங்கே கணக்குப் போட முடியாது. அமெரிக்காவில் டெக்சஸின் மேற்கிலும் நியூ மெக்சிகோவின் கிழக்கிலும் இதே மாதிரி நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே இந்தக் கல்லைக் காலிச்சே என்கிறார்கள். கல் மேலாக இருக்கும் இடங்களில் அவர்களும் உழுவதில்லை, மாடுதான் மேய்க்கிறார்கள்.

குட்டைக்கு வெட்டிய குழியின் ஓரச்சுவரை நாங்கள் நேரில் இறங்கிப் பார்த்தோம். கொழுக்கட்டைப் புல்லின் வேர் நேராக இறங்கி, கல்லைத் தொட்டதும் மடங்கி, அதன் மேலேயே பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற வெள்வேல மரத்தின் வேர் மட்டும் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துக் கீழே போயிருந்தது. கல்லின் மேல்தட்டு ஒரு சாண் கனம், சிமெண்ட் பூசியது போல வழவழப்பு. கடப்பாரை போட்டால் ணங்கென்று எகிறுகிறது. அந்தத் தட்டைத் தாண்டினால் கீழே வெள்ளையாக, கையால் பிசைந்தாலே உதிரும் பொடிக்கல். பூசாரி ஐயா கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அந்தப் பொடியில் பிழிந்தார். உடனே நுரைத்தது.

தகராறு இந்த மேல்தட்டில்தான் தொடங்கியது. ஒப்பந்தத்தில் மண்ணும் சரளையும் வெட்ட ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலைதான். கான்ட்ராக்டர் இடத்தை வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களுக்குச் சுக்காங்கல் புதுச் சரக்கு இல்லை. ஆனாலும் ஜேசிபியின் பல் கல்லில் உரசிய அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, முழுக் குழிக்கும் கடும்பாறை விலை தந்தால்தான் வேலை என்றார். ஏற்கெனவே அள்ளிப் போட்ட வெறும் மண்ணுக்கும் பாறை விலை! வண்டி சும்மா நின்ற நேரத்துக்கு வெயிட்டிங் சார்ஜ் வேறு. கொடுத்துத் தொலைத்துவிட்டு முடியுங்கள் என்று இங்கிருந்து சிலர் போன் செய்தார்கள். கொடுத்திருந்தால் செலவு கால் பங்கோடு நின்றிருக்காது.

விடுப்பில் ஊருக்குப் போயிருந்த நம் ஜூரோங் அண்ணன், இங்கே கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர், டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினார். தட்டு எவ்வளவு கனம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இடம் இடமாக அளந்து எழுதினார். அந்த அளவை வைத்துத்தான் பேசினோம். கெட்டித் தட்டுக்கு மட்டும் கல்லுடைக்கும் பிரேக்கர் வாடகை மணிக்கணக்கில், மற்றதற்குப் பழைய விலை. கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கிடையே ஒரு ராத்திரி, உடைத்த கல்லை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுபோகப் பார்த்தார்கள். கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் கல் வெளியே போனால் கேஸ் கோயில் பேரில்தான் வரும். பூசாரி ஐயா கடவை அடைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியில் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, நாங்கள் சொன்ன கணக்குக்கே முடிந்தது. வெயிட்டிங் சார்ஜ் ஒரு பைசா தரவில்லை. சிங்கப்பூர் வழக்கப்படி பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்தம் வைத்திருந்தோம், முதல் மழை கழிந்த பிறகே கொடுத்தோம். கூட்டு என்று எழுதியவர்கள் இந்த ரசீதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி ஆழம். வடக்கு மூலையில் தட்டை உடைத்து நாலடி வரை இறங்கியிருந்தோம். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து, அங்கே தேங்கிய நீர் சீக்கிரமே வெடிப்பு வழியாக இறங்கிப்போனது. உடைக்காத தட்டின் மேல் நின்ற நீரோ அப்படியே நின்றது. அன்றைக்கே உடைப்பதை நிறுத்தச் சொன்னோம். கல்லையே தரையாக வைத்து, மேல்மண்ணை மட்டும் வழித்துச் சுற்றிலும் கரை கட்டினோம். உடைந்த மூலையில் ஏரி வண்டலைப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினோம். இரண்டடி பள்ளமும் மேலே கரையும் சேர்ந்து மாடு இறங்கிக் குடிக்கத் தோதான குட்டை கிடைத்திருக்கிறது. வெயில் ஏறினால் வற்றும், அதற்குத்தான் தொட்டியும் குழாயும். தண்ணீர் நிற்காத எட்டடிப் பள்ளத்துக்கு, நிற்கிற இரண்டடிக் குட்டை மேல் என்பதே குழுவின் ஒருமனதான முடிவு.

உடைத்த கல் வீணாகவில்லை. பெரியது கரைச் சரிவில் பதித்தாயிற்று. சின்னதைக் கடவிலிருந்து கொட்டகை வரை பாதையில் கொட்டி இறுக்கியிருக்கிறோம். மழையில் நனைந்து வண்டி ஏறினால் இந்தக் கல் தானாகவே கெட்டிப்படும். இப்போது சேறு இல்லை.

தென்னை விஷயம். பொள்ளாச்சிப் பக்கம் சம்பந்தம் செய்த உறுப்பினர்கள் அங்கே பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், ஆசையில் தப்பில்லை. ஆனால் முக்கால் அடி மண்ணில் தென்னை வேர் எங்கே போகும்? நல்ல பொறுமண்ணே ஓரடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குல மழைநீரைத்தான் பயிருக்குத் தேக்கித் தரும். அது புல்லுக்குப் போதும், தோப்புக்குப் போதாது. மண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை போட்டுக் கல்லைக் கிளறலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. உளிக்கலப்பை, உழுது உழுது இறுகிய மண்ணுக்கு நல்ல மருந்து, சுக்கான்பாறைக்கு இல்லை. வெள்ளைக்கல் மேலே வந்து மண்ணோடு கலந்தால் சுண்ணாம்பு மிஞ்சிப்போகும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாது. இலை வெளுத்து நிற்கும். அப்பாருமார் அந்தக் காட்டை உழாமல், வேலி கட்டி, புல்லும் வெள்வேலும் வளர்த்து, மாட்டை முறைவைத்து மேய்த்தது அந்த நிலத்துக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துதான். காங்கயம் மாட்டின் எலும்புறுதிக்கு இந்தச் சுண்ணாம்புக் காட்டுப் புல்தான் காரணம் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். கொழுக்கட்டைப் புல் விதையைச் சாண எருவோடு பிசிறி, ஆழம் போடாமல் மேலாகத் தூவினோம். மழைக்கு முளைத்து இப்போது முழங்கால் உயரம். கோயில் பசு மேய அந்தக் காடு மறுபடி தயாராகி வருவதில் எங்களுக்கு உண்மையிலேயே பெருமை.

பணம் வந்த வழி. சங்கக் கணக்கிலிருந்து ஊருக்கு ஒரு காசும் போகவில்லை. இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். அதனால்தான் பெரியவர்கள் பலர் ஆசையோடு நீட்டியதை வாங்க முடியவில்லை. அவர்கள் மனம் நோக வேண்டாம். வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் திரட்டவும் அனுமதி வேண்டும், ஆகவே உண்டியல் எதுவும் வைக்கவில்லை. வரிக்கழிவு ரசீது கேட்டவர்களுக்கு: அது இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட பொதுநல அமைப்புகளுக்குத் தருவதற்கு மட்டுமே.

கொடுத்தவர்களை அவரவர் இருக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தை வைத்துச் சொல்கிறோம். கொட்டகைக்குக் கொடுத்தவர்கள் உட்லண்ட்ஸ் அண்ணன் தம்பி மூவர். தொட்டி, தம் அப்பாரு நினைவாகத் தெம்பனிஸ் அக்கா. குழாயும் மோட்டாரும் செங்காங், பொங்கோல் குடும்பங்கள் சேர்ந்து. கிளுவைக் கட்டைக்கும் நட்ட கூலிக்கும் துவாஸ் தங்குவிடுதித் தம்பிகள், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து. விதை, ஈசூன் மாமா. வண்டல் அடித்த செலவு, சுவா சூ காங் சித்தப்பாவும் அவர் மருமகனும். பிரேக்கர் வாடகை கூடியபோது கேட்காமலே கொடுத்தவர்கள் புக்கிட் பாத்தோக், பிடோக், அங் மோ கியோ உறுப்பினர்கள். பெயர் போட வேண்டாம் என்ற தாதி (நர்ஸ்) அம்மணி ஒருவரும் உண்டு. முழுப் பெயர்ப் பட்டியலும் தொகையும் கோயில் பலகையில் எழுதியாயிற்று.

புல் பூத்து விதை உதிரும் வரை காட்டில் மாடு விடக் கூடாதென்று ஊரில் சொல்லியிருக்கிறோம். அங்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அளவு நோட்டு, பில், ரசீது, வங்கிச் சீட்டு எல்லாம் ஆண்டுக்கூட்டத்தில் மேசை மேல் இருக்கும். மீதித் தொகை கோயில் கணக்கில் தனியாக நிற்கிறது. அது கரை பழுதுபார்க்க மட்டுமே.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு