காய்ச்சலோடு டூட்டிக்கு வரும் டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரிதான். ஆனால் "காய்ச்சல் இருந்தால் வேலைக்குப் போகாமல் வீட்டில் ஓய்வெடுங்கள்" என்ற வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. எழுதியவர் நிரந்தர வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன்.

நான் தற்காலிக மருத்துவர். எங்களுக்குள் 'லோக்கம்' என்போம். யாராவது விடுப்பில் போனால், கூட்டம் தாங்காமல் போனால் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் இரண்டு வாரம், இன்னோரிடத்தில் நான்கு இரவு. 11 வருடமாக இதுதான் பிழைப்பு. குளிர்காலம்தான் எங்களுக்கு சீசன். ஃப்ளூ பரவும், வயதானவர்கள் நிமோனியாவோடு வந்து சேருவார்கள், பார்க்க வேண்டிய டாக்டர்களே படுத்துவிடுவார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் நாங்கள் போகிறோம். ஏற்கெனவே ஒருவரைச் சாய்த்த கிருமி இருக்கும் வார்டு என்று தெரிந்தே போகிறோம்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்பு அப்படிப் போன ஓர் இடத்தில், இரண்டாம் நாள் நைட் டூட்டிக்குக் கிளம்பும்போதே எனக்கு உடம்பெல்லாம் வலி. இரண்டு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போனேன். போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. அதைவிட, கடைசி நேரத்தில் கைவிரித்தவள் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். மாத்திரை காய்ச்சலை இறக்கியதால் தெர்மாமீட்டரும் எனக்குச் சாதகமாகவே பேசியது. இரவு இரண்டு மணிக்கு வார்டு சிஸ்டர் என்னை உட்காரவைத்து, "டாக்டர், கையைக் கொடுங்க" என்று நாடி பார்த்தார். 118. அவர் சத்தம் போடவில்லை. "நீங்க இன்னும் ரெண்டு நாள்ல போயிடுவீங்க. உள்ளே கீமோ எடுத்துட்டு ரெண்டு பேர் படுத்திருக்காங்க. அவங்களை நாங்கதான் பார்த்துக்கணும்" என்றார்.

எனக்குத் தெரியாததா? ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்புவார், முதல் மூன்று நான்கு நாட்கள்தான் மோசம், பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் நோயாளிகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் சீசன் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்கிறேன். நிரந்தர ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரியே கூப்பிட்டுப் போடும், எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. முகக்கவசமும் அப்படித்தான். என்95 எல்லாம் ஒன்று என்று வெளியே நினைக்கிறார்கள். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முகக்கவசத்தைப் போட்டவர் தலையில் கூடு போன்ற ஒன்றை மாட்டி, உள்ளே கசப்பு அல்லது இனிப்புத் திரவத்தைத் தெளித்துப் பார்ப்பார்கள். நாக்கில் ருசி தட்டினால் ஓரத்தில் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஒரு மாடல் என் முகத்துக்குப் பொருந்தியது, இன்னொன்றில் கசப்பு நன்றாகவே தெரிந்தது. போகும் இடத்தில் எந்த மாடல் வைத்திருப்பார்கள் என்பது எனக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் எனக்குப் பொருந்துவதில் ஐந்தாறு என் பையிலேயே இருக்கும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமாக ஆல்கஹால் திரவமே போதும், சோப்பைவிடத் தோலுக்கும் நல்லது. ஆனால் வாந்தியும் பேதியுமாக ஒரு வார்டே படுக்கும் நோரோவைரஸுக்கு அதை நம்ப முடியாது. சோப்பும் தண்ணீரும்தான். குளிரில் நாற்பது முறை கழுவிய கை வெடித்துவிடும், வெடித்த கையைக் கழுவவே பயமாக இருக்கும். அதனால் பையில் முகக்கவசத்துக்குப் பக்கத்தில் ஒரு களிம்பு டப்பா. (அந்தப் பையைப் பார்த்தால் நான் டாக்டரா, வீட்டைவிட்டு வந்தவளா என்று சந்தேகம் வரும்.)

குளிர்கால நைட் டூட்டி வேறு மாதிரி. இருட்டில் போய், பகலெல்லாம் தூங்கி, மறுபடி இருட்டில் எழுந்தால் நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். எழுந்ததும் வெளிச்சம் மிச்சமிருந்தால் அரை மணி நேரம் வெளியே நடப்பேன். மேகம் மூடிய பகல்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். காபியை விடியற்காலை மூன்று மணியோடு நிறுத்திவிடுவேன், ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். டூட்டி முடிந்தால் இருபது நிமிடமாவது கண்ணை மூடிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். ஒருமுறை சிக்னலில் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்துத்தான் எழுந்தேன்.

இதெல்லாம் பையில் அடங்கும் விஷயங்கள். அடங்காத ஒன்று உண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு மரணம். அந்த வீட்டாரிடம் சொன்னவள் நான். எட்டு மணிக்கு என் ஒப்பந்தம் முடிகிறது. அந்த வார்டுக்காரர்கள் மறுநாள் டீ குடித்துக்கொண்டே அதைப் பேசித் தீர்ப்பார்கள். நான் அதற்குள் வேறு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டுக்காக நின்றுகொண்டிருப்பேன். கூடப் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளும் லோக்கம்தான். எத்தனை மணிக்கும் ஒருவரையொருவர் கூப்பிடலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். அப்புறம், எனக்கென்று ஒரு டாக்டரை வைத்துக்கொண்டேன். பல வருடம் எனக்கு நானே மருந்து எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு நோயாளி அப்படிச் செய்தால் திட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. தடுப்பூசிப் பட்டியலில் எங்களையும் சேருங்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் ஒதுக்கி எது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். காய்ச்சல் வந்தால் ஒன்றிரண்டு நாளாவது சம்பளத்தோடு படுக்க விடுங்கள். அந்தச் சம்பளம், கீமோ எடுத்தவருக்கு ஃப்ளூ வந்தால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

போன வாரம் இந்த சீசனின் முதல் வேலைக்குப் போனில் பேசினார்கள். தேதி, நேரம், சம்பளம் எல்லாம் முடிந்த பிறகு, "எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, டாக்டர்" என்றார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தற்காலிக மருத்துவர்