அனுமதி கேளாத ஒளிபரப்பு

ஆசிரியருக்கு,

கியூபத் திரைப்படம் என்றாலே 1959 மார்ச்சில் புரட்சி அரசு நிறுவிய ‘இகாயிக்’ திரைப்படக் கழகத்தின் படங்களோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. டிஜிட்டல் கேமரா வந்தபின், அரசின் கையை எதிர்பாராமல் படமெடுத்த இளைஞர்கள், ஆண்டுக்கணக்கில் சட்டத்தின் கண்ணில் படாதவர்களாகவே இயங்கி, 2019இல் வந்த 373ஆம் ஆணைச் சட்டத்தால்தான் சுயாதீனப் படைப்பாளிகளாகப் பதிவுசெய்யும் உரிமை பெற்றனர். நிதியுதவிக்கும் அது வழிசெய்தது. பதிவு கிடைத்ததே தவிர, தணிக்கை அகலவில்லை.

2023 ஜூனில், அர்ஜென்டினப் பாடகர் ஃபிட்டோ பாயெஸ் பற்றிய ஆவணப்படத்தை, அதுவும் இறுதிசெய்யப்படாத பிரதியை, இயக்குநரின் இசைவின்றி கியூப அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. தடைசெய்வதைவிட இது விசித்திரமான அவமதிப்பு என்பேன். அதன் பிறகே திரைக்கலைஞர்கள் ஒன்றுகூடித் தமக்கெனப் பேரவை அமைத்தனர். உங்கள் திரைப் பக்கத்தில் இந்தத் தலைமுறையைப் பற்றியும் கட்டுரைகள் வெளியிட வேண்டுகிறேன்.

– திரைப்படச் சங்க உறுப்பினர், மதுரை