நாகலகம் வீதியில் தண்ணீர் எத்தனை அடி என்று தமிழில் எப்போது சொல்வீர்கள்?

அனர்த்தக் கால அறிவித்தல்களை வெளியிடும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு களனி கங்கை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். அதனால் ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் கொழும்பை ஒட்டி, களனி கங்கைக்கு அருகே வெல்லம்பிட்டியவில் இருக்கிறோம். கொழும்பில் பிறந்து வளர்ந்த பலரைப் போல எனக்கும் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. இரவு ஒரு மணிக்கு முகநூலில் உங்கள் அறிவித்தல் வந்தது. சிவப்புப் பின்னணியில், முழுவதும் சிங்களத்தில், ஒரு படமாக. எழுத்தாக இருந்திருந்தால் பிரதி எடுத்து கூகுளில் போட்டாவது பார்த்திருப்பேன். என் பழைய போனில் படத்தை வைத்து என்ன செய்வது? சிவப்பு என்றால் ஆபத்து, அது மட்டும் விளங்கியது. எங்கே, எப்போது, எங்கள் ஒழுங்கைக்குமா?

கணுக்கால் தண்ணீரில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுத் தம்பி தன் தாயை மேல்மாடிக்குத் தூக்கிப் போகும் நேரம். தாயைப் படிக்கட்டில் இருத்திவிட்டு, என் போனை வாங்கி வரிவரியாகச் சொன்னான். உடனே வெளியேறட்டாம். இன்ன பாடசாலைக்குப் போகட்டாம். அந்த அம்மா படியில் நடுங்கிக்கொண்டே இருந்தார். அவர்களுடைய ஐந்து நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அது நீங்கள் எனக்குத் தந்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

தமிழில் வரவேயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது, மறுநாள் காலை பத்தரைக்கு. 'தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்.' அவ்வளவுதான். பாடசாலையின் பெயர் இல்லை, வெளியேறு என்ற சொல்லும் இல்லை. சிங்களத்தில் ஓடச் சொன்ன நீங்கள் தமிழில் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னீர்கள். அதை நாங்கள் வகுப்பறையில் ஈரத் துணியோடு இருந்து வாசித்தோம், மிக அவதானமாக.

களனியின் மேற்பகுதியில், கிளென்கோர்ஸிலும் ஹங்வெல்லவிலும் ஏறும் தண்ணீர், கொழும்பில் ஆற்றின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலுக்கு வந்து சேர மணிக்கணக்கு ஆகும். எங்களுக்குள்ள அவகாசமே அந்த மணித்தியாலங்கள்தான். எங்கள் பங்கு மொழிபெயர்ப்பு மேசையில் கரைந்துபோகிறது. ஆட்கள் போதாது என்பீர்கள். சரி. ஆனால் இந்த அறிவித்தல்களில் மாறுவது பெரும்பாலும் இடமும் நேரமும் நீர்மட்டமும்தானே? மிச்ச வசனங்களை மழையில்லாத நாளில் தமிழில் எழுதி வைத்துவிடலாம். இரண்டு மொழியும் ஒரே பதிவில், ஒரே நிமிடத்தில், படத்தோடு எழுத்தாகவும் வேண்டும். இதைத்தான் கேட்கிறேன். (எழுத்தாக இருந்தால் பார்வையற்றவர்களுக்குப் போனே வாசித்துக் காட்டும். இதை யாராவது உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள்.)

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இவை இரண்டும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை போலும். பஸ் பலகையில் பிழைத் தமிழ், கந்தோரில் சிங்களத்தில் மட்டும் படிவம், இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. படம் பிடித்துப் போட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். தைப்பொங்கல் வாழ்த்து மட்டும் சூரியன் உதிக்க முதலே, ஒரு கொம்பு சுழி பிசகாமல், கரும்புப் படத்தோடு வந்துவிடுகிறது. அந்த வாழ்த்தை எழுதுபவரை மழைக்காலத்தில் இரவுக் கடமைக்குப் போட முடியாதா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2016இல் களனி எங்கள் பக்கம் ஏறியது மே மாதத்தில். அடுத்த மே வருவதற்குள், இரு மொழியிலும் ஒரே நிமிடத்தில் அறிவிக்க ஒழுங்கு செய்யும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான்.

இப்படிக்கு,
வெல்லம்பிட்டிய வாசி ஒருவர்