பனிமலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற டூர்காரங்களைப் பதிவு பண்ணச் சொல்லிக் கேட்டு மனு

அனுப்புநர்: மன்னார்குடி வட்டம், கிராமத்துப் பெற்றோர்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர்

வணக்கம் அய்யா. வாய்க்கா தூர் வாரல, பட்டா மாத்தலன்னு வர்ற திங்கக்கிழமை மனுவுக்கு நடுவுல இது என்னடா பனிச்சரிவுன்னு தோணும், முழுசா படிச்சிருங்க.

எங்க பக்கம் சம்பா அறுத்து கையில நாலு காசு புழங்குறது தை மாசியிலதான், அப்பதான் வாட்ஸ்அப்புல ஸ்னோ ட்ரெக் விளம்பரமும் வருது. போன தையில எங்க பசங்க பதினோரு பேர் உத்தரகாண்ட் போனாங்க, என் மவனும் ஒருத்தன். மூணாவது நாள் ராத்திரி பூரா பனி கொட்டி விடிஞ்சதும் வெயில் அடிச்சிருக்கு, கூட்டிட்டுப் போனவரு கிளம்புங்கன்னுட்டாரு, பணம் திரும்ப வராதுன்னு பசங்களும் சரின்னு நின்னாங்களாம். உள்ளூர் கைடு மட்டும் நகர மாட்டேன்னு உக்காந்துட்டாரு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும். இங்க ரெண்டு நாளா போன் இல்ல, எந்த மலைன்னே எங்களுக்குத் தெரியாது.

அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆபத்து பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி சரிவுலதானாம். களத்துல நெல்லைக் குவிச்சா ஒரு அளவுக்கு மேல தானா சரியும்ல, பனி அப்படி உடனே சரியாது, ஒட்டிக்கிட்டு நிக்கும். கீழ சீனி மாதிரி உதிரியா ஒரு அடுக்கு, மேல காத்து அடிச்சு இறுகின பலகை, அதுல ஆள் கால் வச்சா மொத்தமா வழுக்கிட்டு வரும். செத்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல பனியைக் கிளப்பி விட்டதே அவங்களோ கூட வந்தவங்களோதானாம். பனி கொட்டி ஓஞ்ச முதல் நாள்தான் ரொம்ப மோசம், அன்னைக்குன்னு பாத்து வானம் பளிச்சுன்னு இருக்கும்.

புதைஞ்சவனை 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பெரும்பாலும் பொழைப்பான், அரை மணி ஆச்சுன்னா பாதிக்கு மேல போயிரும். மீட்புப்படை வர்ற வரைக்கும் தாங்காது, கூட இருக்கறவன்தான் தோண்டணும். அதுக்கு புதைஞ்ச இடத்தைக் காட்ட சிக்னல் அனுப்புற, உடம்புல கட்டுற பீக்கன், குத்திப் பாக்குற நீளக் கம்பி, மண்வெட்டி மூணும் ஆளுக்கு ஒண்ணு வேணும். எங்க பதினோரு பேர்ட்டயும் ஒரு மண்வெட்டி கூட இல்ல, டெல்டாக்காரன் மண்வெட்டி இல்லாம போனான்னா ஊரு சிரிக்கும்.

பயிற்சி எடுத்தவனையே பனி விடல அய்யா. 2016 பிப்ரவரியில சியாச்சின்ல மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் போனாங்க, அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாட்டுப் புள்ளைங்க. 2022 அக்டோபர் 4 அன்னைக்கு உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்துல பயிற்சிக்குப் போனவங்க 25 பேருக்கு மேல திரௌபதி கா தண்டாங்கிற மலையில பனிச்சரிவுல செத்தாங்க. 2023 ஏப்ரல்ல சிக்கிம் நாது லா போற ரோட்டுல 7 டூரிஸ்ட், பர்மிட் 13வது மைல் வரைக்கும்தான், அவங்க நின்னது 15வது மைல்ல.

நாகப்பட்டினம் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டுன்னா எங்க சின்னப்புள்ளைக்கும் அர்த்தம் தெரியும். வெளிநாட்டுல பனிச்சரிவுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் நம்பர் இருக்கு, 3ன்னா நடுவாந்தரம்தானேன்னு போயி அந்த 3லயே நிறைய பேர் சாவுறாங்களாம். இங்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓவோட டிஜிஆர்ஈங்கிற ஆய்வகம் குளிர்காலத்துல இமயமலை மாவட்டங்களுக்கு எச்சரிக்கை குடுக்குது, ஆனா மன்னார்குடியில டிக்கெட் போடுறவனுக்கு அது எப்படித் தெரியும்?

2018ல குரங்கணி தீக்கு அப்புறம் நம்ம காட்டுல ட்ரெக்கிங் போக ரூல்ஸ் வந்துச்சு. அதே பசங்க வெளி மாநிலம் போனா எங்க போறன்னு கேக்க ஆள் இல்ல.

அதனால நம்ம மாவட்டத்துலேர்ந்து பனிக்கு ஆள் கூட்டிட்டுப் போறவங்க யாரா இருந்தாலும் பேரு, ரூட்டு, கைடு நம்பர், என்ன சாமான் தர்றாங்க எல்லாத்தையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும், வீட்டுல பதறிப்போயி மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு அடிச்சா அந்த லிஸ்ட் அங்க இருக்கணும். எச்சரிக்கையால பாதியில திரும்புனா பணத்துல ஒரு பங்காவது திருப்பிக் குடுக்கணும்னு எழுதி வாங்குங்க, அது இல்லாம எவனும் திரும்ப மாட்டான். தை மாசியில புயல் செய்தி அனுப்புற அதே வாட்ஸ்அப் குரூப்புல பனிச்சரிவு எச்சரிக்கையையும் தமிழ்ல போட்டுவிடுங்க.

டூர்காரர் பேரை இதுல எழுதல, நேர்ல சொல்றோம். விளம்பர பிரிண்ட் அவுட் இணைச்சிருக்கோம் அய்யா, அடுத்த ட்ரிப் தை 5ன்னு போட்டிருக்கு, அதுக்குள்ள பாருங்க.

இப்படிக்கு,
பெற்றோர்கள்