பெட்டியில் இருப்பவை இலுப்பை விதைகள்

அன்பு மகளுக்கு,

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை மேலேயே வைத்திருக்கிறேன். ஈர மணலுக்குள் கிடப்பவை இலுப்பை விதைகள், அறுபது இருக்கும். இன்றைக்கே விதைத்துவிடம்மா. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடாதே.

இந்த அவசரத்துக்குக் காரணம், போன வருடம் நான் செய்த தவறு. அவரை விதையைப் போல வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு, ஐப்பசி மழைக்கு எடுத்து ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டி எடுத்து உடைத்துப் பார்த்தால் பருப்பு கறுத்துப்போய்க் காறல் வாடை அடித்தது. இலுப்பைக்கு உள்ளே இருக்கும் ஈரம்தான் உயிர். காய்ந்தால் போயிற்று. பழத்திலிருந்து எடுத்து இரண்டு மூன்று வாரம் தாங்கினாலே அதிகம். இவற்றை நேற்றுக் காலையில்தான் பழம் பொறுக்கி, சதையைக் கழுவி எடுத்தேன்.

விதைக்க நாற்றுப் பை வாங்கும்போது உயரமான பையாகப் பார்த்து வாங்கு. இலை இரண்டு விடுவதற்குள் ஆணிவேர் கீழே வெகுதூரம் போய்விடும். குட்டைப் பையில் அது முட்டிச் சுருண்டுகொண்டால் பிறகு எந்த நிலத்தில் வைத்தாலும் மரம் தேறாது. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பு. விதையைப் படுக்கை வாட்டில் வைத்து, அதன் பருமன் அளவுக்கு மேல்மண் போட்டால் போதும். பூவாளியால் தண்ணீர் தெளி. மேலே கம்பி வலை ஒன்று கட்டாயம் போடு. எண்ணெய்ப் பருப்பு என்பதால் எலியும் அணிலும் விடாது. இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் முளைக்கும்.

கன்றை ஒரு வருடம் பையிலேயே வளர்த்து, அடுத்த மழைக்குக் குழியில் வை. ஒன்றரை அடி ஆழக் குழி, மரத்துக்கு மரம் முப்பது அடி. கல்லாங்காடு என்று கவலைப்படாதே, காலூன்றிவிட்டால் இலுப்பை வறட்சியைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆடு வாய்வைக்காமல் முள் அடைத்துவிட்டால் பிறகு அது பாட்டுக்கு வளரும்.

மாப்பிள்ளை மலைவேம்பு வைக்கப்போவதாகச் சொன்னார். தாராளமாக வைக்கட்டும், ஆறேழு வருடத்தில் வெட்டிக் காசாக்கலாம். ஆனால் அதன் நிழலில் இலுப்பையை வைக்காதீர்கள். இதற்கு வெயில் வேண்டும், நிழலில் ஒடுங்கிவிடும். மேற்கு வேலியோரம் பத்துக் குழி ஒதுக்கினால் போதும். விதைக்கன்று காய்க்கப் பத்து வருடம்கூட ஆகும். சீக்கிரம் காய்க்க வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று இருக்கிறது, அதையும் இரண்டு வாங்கிக்கொள். ஆனால் மரம் என்று நான் சொல்வது விதையிலிருந்து எழுந்து நிற்கும் மரத்தைத்தான்.

அது பூக்கும் ராத்திரியை நீ பார்க்க வேண்டும். இலை உதிர்ந்த கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாய், வெளிறிய மஞ்சளில், சதைப்பற்றான பூ. இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிடும். பூவின் இனிப்புக்காக வந்து மகரந்தத்தைச் சுமந்துபோவதும் அவைதான், பின்னால் பழத்தைத் தூக்கிப்போய் விதையை வேறிடத்தில் போடுவதும் அவைதான். விடிவதற்குள் பூக்கள் கழன்று தரையில் பரவிக் கிடக்கும். பூவின் நடுவே இருக்கும் மெல்லிய சூல்தண்டு மட்டும் கிளையிலேயே நீட்டிக்கொண்டு நிற்கும். காட்டில் கரடி அந்தப் பூவைத் தேடி வருவதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள், அவர்கள் வாயில் அது இருப்பை. இலுப்பூர், இலுப்பைப்பட்டு, மன்னார்ப் பக்கம் இலுப்பைக்கடவை என்று ஊர்ப் பெயரில் எல்லாம் இந்த மரம் இருக்கிறது. இலுப்பெண்ணெயில்தான் கோயில் விளக்கு எரிந்தது, அந்தக் கட்டையில்தான் தேர் செய்தார்கள். இன்றைக்கு எத்தனை பேர் விதை போட்டு இதை வளர்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஒரு மாதம் கழித்துப் பைகளைப் பார்த்துவிட்டு எத்தனை முளைத்தது என்று போன் பண்ணு. பெட்டி வந்து சேரத் தாமதமாகி, பிரித்ததும் காறல் வாடை அடித்தால் அன்றைக்கே சொல். மரத்தடியில் இன்னும் பழம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, உடனே வேறு பொறுக்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா