வெள்ளியை விற்காதே

ஏற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசனுக்கு,

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

உன் பங்குப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். பணத்தைப் பரவலாகத்தான் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. பன்னிரண்டில் எட்டு, வங்கிகளும் வீட்டுக் கடன், வாகனக் கடன் நிறுவனங்களும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியில், அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியில், கை வைத்தால் எட்டும் சேர்ந்தே அசையும். இங்கே காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தில்தான் மிளகுக் கொடியும் ஏறுகிறது. பயிர் இரண்டு, ஆனால் மழை பொய்த்தால் இரண்டும் படுத்துவிடும்.

இரண்டு பங்குகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே அசைகின்றன என்பதை அளக்க ஒட்டுறவுக் கெழு என்ற எண் இருக்கிறது. 1 என்றால் இரண்டு பங்குகளும் எப்போதும் ஒரே திசை. 0 என்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. -1 என்றால் நேர் எதிர்த்திசை. 1952-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ் இதை வைத்துத்தான் முதலீட்டுக் கணக்கையே மாற்றினார். தலா 30 சதவீத ஏற்ற இறக்கமுள்ள இரு பங்குகளில் பாதிப்பாதி போடுவதாக வைத்துக்கொள். கெழு 1 என்றால் மொத்த ஏற்ற இறக்கம் அதே 30. 0.5 என்றால் 26. பூஜ்யம் என்றால் ஏறத்தாழ 21. பங்குகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கெழுவைத்தான் நீ பார்க்க வேண்டும். கணக்கிடும்போது விலையை எடுக்காதே, மாதாந்தரச் சதவீத மாற்றத்தை எடு. பல வருடங்களாக ஏறிவரும் எந்த இரண்டு விலைகளும் உறவு கொண்டாடுவதுபோலத்தான் தெரியும்.

வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் பங்குச்சந்தை நிதியான வெள்ளி ஈடிஎஃப்பை விற்றுவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தொழிலே வெள்ளி, முதலீடும் வெள்ளியா என்பது உன் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் உன் பட்டறை கூலிக்குக் கொலுசு செய்கிறது, வெள்ளி வியாபாரியுடையது. விலை எகிறினால் வாங்குபவர்கள் தயங்குகிறார்கள், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆர்டர் குறைகிறது, உன் கூலியும் குறைகிறது. அந்த நேரத்தில் ஏறி நிற்பது அந்த ஈடிஎஃப் ஒன்றுதான். சொந்தமாக வெள்ளி வாங்கி இருப்பு வைத்திருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன். உன் நிலையில் அது இருக்கட்டும். கடன் நிறுவனங்களில் பாதியைக் குறைத்து, டாலரில் சம்பாதிக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றையும் மருந்து நிறுவனம் ஒன்றையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஒன்றை மறந்துவிடாதே. கெழு நிலையானது அல்ல. 2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் அளவுக்குச் சரிந்தபோது, ஒட்டாத பங்குகளும் சேர்ந்தே விழுந்தன. அதனால் கல்யாணச் செலவுக்கான தொகையை வைப்பு நிதியிலேயே விட்டுவை. அதைச் சந்தைக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன்.

ஐந்து வருட மாதக்கடைசி விலைகளை எடுத்து அனுப்பு. பன்னிரண்டுக்கும் கெழு அட்டவணை போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்