எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய ஹார்டு டிஸ்க்கை ஏன் கழற்றி வைக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து, பழைய மேசைக் கணினியில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிரைவைப் போட்டு அதில் புதிதாக இயங்குதளம் நிறுவித் தரும்படி கேட்டு வருபவர்கள் நம் கடையில் கூடிக்கொண்டே வருகிறார்கள். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் கிடைக்குமா என்பதுதான் பலரும் முதலில் கேட்பது. மறுநாள் மாலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லும்போது, விண்டோஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாதே என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏறுவதற்கு அவ்வளவுதான் ஆகும். அதற்கு முன்னும் பின்னும் செய்யப்படும் வேலைகளுக்குத்தான் அந்த ஒரு நாள் தேவைப்படுகிறது. அவை என்னென்ன, அவற்றை ஏன் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை விளக்கவே இம்மடல்.

மெதுவாகிவிட்டது என்று கொண்டுவரப்படும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் பிராசசர் நன்றாகவே இருக்கிறது. இழுத்தடிப்பது ஹார்டு டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு கை அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைத் தேடிப் படிப்பதால், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி நொடிக்கு மேல் பிடிக்கிறது. விண்டோஸ் எழும்பும்போது வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால், அந்த மில்லி நொடிகள் சேர்ந்து நிமிடங்களாகின்றன. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதே தேடல் ஒரு மில்லி நொடிக்கும் வெகு குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. கணினியை எழுப்புவதிலும் மென்பொருளைத் திறப்பதிலும் நீங்கள் உணரும் வேகமெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதனால்தான் விலை கூடிய எஸ்எஸ்டியை நாங்கள் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. சாட்டா கேபிளில் இணையும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை படிக்கும்; மதர்போர்டிலேயே செருகப்படும் என்விஎம்இ எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் 3,500 எம்பி வரை போகும். ஆனால் பில் போடுவதற்கும் கடிதம் அடிப்பதற்கும் இணையம் பார்ப்பதற்கும் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மேலும், எச்61, எச்81 போன்ற பழைய சிப்செட் கொண்ட மதர்போர்டுகளின் பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிரல்) பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து கணினியை எழுப்பாது. தனி அட்டை வாங்கிச் செருகினாலும் அது தகவல் வைக்கும் டிரைவாக மட்டுமே பயன்படும். எம்.2 துளை (எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் இடம்) இருக்கும் போர்டுகளிலும் கவனம் வேண்டும். சிலவற்றின் துளை சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சிலவற்றில் என்விஎம்இ மட்டும் வேலை செய்யும், வேறு சிலவற்றில் அந்தத் துளையில் எஸ்எஸ்டி ஏறியதும் சாட்டா இணைப்புகளில் ஒன்று செயலிழந்துவிடும். ஆகவே இணையத்தில் தள்ளுபடி பார்த்து எஸ்எஸ்டியை முதலில் வாங்கிவிடாமல், மதர்போர்டின் மாடல் எண்ணை எங்களுக்குத் தெரிவித்துவிட்டு வாங்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

கணினி எங்கள் மேசைக்கு வந்ததும் முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கிறோம். பிறகு அதிலுள்ளவற்றை வேறொரு டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கிறோம். அதிக நேரம் பிடிப்பது இந்தக் கட்டம்தான். முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, சி டிரைவில் ஒன்றுமில்லை என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த கோப்பும், டவுன்லோடு ஆன கோப்பும், மை டாக்குமெண்ட்ஸில் சேமித்ததும், அவுட்லுக்கின் மின்னஞ்சல் கோப்பும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை அவர்கள் அறிந்திருப்பதில்லை. டேலியின் பழைய பதிப்புகளில் கணக்கு விவரங்கள் அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குள்ளேயே இருப்பதுண்டு. அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். டேலி லைசன்ஸ் வைத்திருப்பவர்கள், கணினியைக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த லைசன்ஸைச் சரண்டர் செய்துவிட்டால் (அதாவது பழைய நிறுவலிலிருந்து விடுவித்துவிட்டால்), புதிய டிரைவில் அதை மீண்டும் ஏற்றுவது எளிதாக இருக்கும்.

நம் சிவகாசியில் அச்சகமும் டிடிபி நிலையமும் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களான வானவில், பாமினி போன்றவற்றில் அடித்து வைத்த பேஜ்மேக்கர், கோரல்டிரா கோப்புகள் உங்களிடம் ஆண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும். கோப்பை மட்டும் பேக்கப் எடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய விண்டோஸில் அந்தத் திருமண அழைப்பிதழ் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத்தான் திறக்கும். எழுத்துருக் கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் பயனர் ஒருவருக்காக மட்டும் நிறுவப்பட்டவை அவருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் மறைவாக இருப்பதுமுண்டு. இரண்டு இடங்களிலிருந்தும் எடுத்து, நிறுவல் முடிந்தபின் பழைய வேலை ஒன்றைத் திறந்து, கொம்பும் காலும் ஒற்றும் சரியாக வருகின்றனவா என்று திரையில் பார்த்த பிறகே கணினியை ஒப்படைக்கிறோம். அப்படிச் சோதித்துப் பார்க்க உங்கள் பழைய கோப்பு ஒன்றின் பெயரைச் சீட்டில் எழுதித் தந்தால் நல்லது.

இனி, எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். இதைப் பார்த்துவிட்டு, தகவல் போய்விடுமோ என்று அஞ்சியவர்களும் உண்டு, வீண் வேலை என்று நினைத்தவர்களும் உண்டு. காரணம் இதுதான். பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் நிறுவப்படும்போது, கணினியை எழுப்புவதற்கென்று வழக்கமாக 100 எம்பி அளவில் ஒரு துவக்கப் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரிக்கப்பட்ட பகுதி) உருவாகிறது. கணினியில் ஏற்கெனவே இன்னொரு டிஸ்க் இணைந்திருந்து அதில் அத்தகைய பார்ட்டிஷன் இருந்துவிட்டால், நிறுவல் நிரல் புதிதாக ஒன்றை எஸ்எஸ்டியில் உருவாக்காமல், பல நேரங்களில் பழையதிலேயே துவக்கக் கோப்புகளை எழுதிவிடுகிறது. விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும். அதை எழுப்பும் கோப்பு மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். புது வீட்டுக்குக் குடிபோனவர் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தது போன்ற நிலை அது. இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. என்றைக்கு அந்த ஹார்டு டிஸ்க் பழுதாகிறதோ, அல்லது நீங்களே அதைக் கழற்றுகிறீர்களோ, அன்றைக்குத் துவக்கச் சாதனம் எதுவும் இல்லை என்ற செய்தியோடு திரை கறுத்து நிற்கும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று கருதி அதை மாற்றச் சொல்லி வந்தவர்களின் கணினிகளில் நாங்கள் கண்டது பெரும்பாலும் இந்தக் குறைதான். எஸ்எஸ்டியில் ஒரு குறையும் இருக்காது.

பழைய டிஸ்க் கழற்றப்பட்டிருந்தால் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. நிறுவல் திரையில் ஒரே ஒரு டிஸ்க் மட்டும், ஒதுக்கப்படாத இடம் என்ற பெயரில் தெரியும். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடும் ஆபத்தும் அதோடு நீங்கிவிடுகிறது. அந்த இடத்தை நாமாகப் பிரிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டால், தேவையான பார்ட்டிஷன்களை விண்டோஸே ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் உருவாக்கிக்கொள்ளும். சில பிராண்டட் கணினிகளில் அந்தத் திரை வெறுமையாக வந்து டிஸ்க்கே இல்லை என்று சொல்வதுண்டு. பதினோராம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் கணினிகளில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால் அப்படி நேரும். அதற்குரிய டிரைவரை பென்டிரைவில் வைத்துக் கொடுத்தால் டிஸ்க் தெரிய ஆரம்பிக்கும். எல்லாம் முடிந்து எஸ்எஸ்டி தன் சொந்தக் காலில் நின்று சில முறை எழும்பியதைப் பார்த்த பிறகே பழைய டிஸ்க்கை மீண்டும் இணைக்கிறோம்.

பழையதை அப்படியே குளோன் செய்து, அதாவது முழுதாக நகலெடுத்து, தர முடியாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். முடியும், நல்ல நிலையில் இருக்கும் விண்டோஸ் என்றால் செய்தும் தருகிறோம். ஆனால் பழுதான செக்டார்கள் கொண்ட டிஸ்க்கையும், வைரஸ் ஏறி இறங்கிய விண்டோஸையும் குளோன் செய்தால் பழைய நோயெல்லாம் புதிய டிரைவுக்கு வந்து சேரும். எங்கள் கருத்தில் புதிதாக நிறுவுவதே மேல். அதற்காக லைசன்ஸ் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். முறையாகச் செயல்படுத்தப்பட்ட விண்டோஸின் டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டை அடையாளமாகக் கொண்டு பதிவாகியிருப்பதால், டிஸ்க் மாறுவதால் அது பாதிக்கப்படாது. லைசன்ஸ் இல்லாத விண்டோஸை நாங்கள் போட்டுத் தருவதில்லை.

விண்டோஸ் 11 எல்லாக் கணினிக்கும் ஆகாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான துவக்க நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்கும் பிராசசர் வேண்டும். இந்த நிபந்தனைகளைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவப்பட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆகவே தொழில் நடக்கும் கணினிகளில் அதை நாங்கள் செய்வதில்லை. விண்டோஸ் 10-இலேயே இருக்க விரும்பும் வீட்டுப் பயனர்கள், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. இணையம், கடிதம், காணொளி என்ற அளவில் பயன்படுத்துபவர்களுக்கு லினக்ஸ் வகை இயங்குதளங்களான உபுண்டு 24.04 அல்லது லினக்ஸ் மின்ட் 22 நிறுவித் தருகிறோம். இவ்விரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்த் தட்டச்சும் நன்றாக நடக்கும். டேலியையும் பேஜ்மேக்கரையும் நம்பித் தொழில் செய்பவர்களுக்கு லினக்ஸ் தோதுப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கணினியை எடுத்துச் சென்ற பிறகு சில கேள்விகள் வழக்கமாக வருகின்றன. 240 ஜிபி வாங்கினேன், 223 ஜிபிதான் காட்டுகிறது என்பது அவற்றில் ஒன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024-இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. இடம் எதுவும் குறையவில்லை. சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக் மென்பொருள் எதையும் எஸ்எஸ்டியில் ஓட்ட வேண்டாம். தேவையான டிரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பதை) விண்டோஸே வாரந்தோறும் செய்துகொள்கிறது. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். 300 டிபி (3,00,000 ஜிபி) வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரப்பட்ட டிரைவில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும், அந்த அளவை எட்ட நாற்பது ஆண்டுகள் ஆகும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியவை இரண்டு. அழித்த கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தந்தது போல எஸ்எஸ்டியிலிருந்து மீட்டுத் தருவது பெரும்பாலும் இயலாது. டிரிம் கட்டளை போனதும் அந்த இடம் உள்ளுக்குள் துடைக்கப்பட்டுவிடும். மற்றொன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் டிரைவ் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. பின்னாளில் பயாஸை மாற்றினாலோ போர்டு பழுதானாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. அது இல்லாமல் எங்களாலும் திறக்க முடியாது. ஒப்படைக்கும்போது அதை அச்சிட்டு உறையில் வைத்துத் தருகிறோம். தயவுசெய்து அந்த உறையைக் கணினிப் பெட்டிக்குள் வைக்காமல் வீட்டு ஆவணங்களோடு வையுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை நாங்கள் ஃபார்மட் செய்வதில்லை. நல்ல நிலையில் இருந்தால், உங்களுக்குத் தேவையானவை எல்லாம் வந்துவிட்டனவா என்று ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின், அதை பேக்கப்புக்கென்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் அலமாரியில் வைக்க எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க்தான் ஏற்றது. கணினியைக் கொண்டுவரும்போது கேபினட் மட்டும் போதும். மானிட்டரோ கீபோர்டோ தேவையில்லை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களின் பட்டியலையும், பிரிண்டரின் மாடல் எண்ணையும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதன் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுத வேண்டாம். தேவைப்படும் இடத்தில் நீங்களே வந்து தட்டச்சு செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணினி விற்பனை, பழுதுநீக்கக் கடையினர்,
சிவகாசி.